தாலி கட்டும் காட்சி இன்னும் ஓடுகிறதா?

தொண்ணூறுகளின் கடைசியில் விசிடி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் டிவிடி. அதன்பின் பல வருடங்களுக்குத் தமிழ்நாட்டுக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் எல்லாம் இந்த டிஸ்குகளில்தான் அடங்கின. மணமக்கள் படம் ஒட்டி, பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு ஸ்டுடியோக்காரர் கொடுத்ததை வாங்கி, உறவினர்களோடு உட்கார்ந்து இரண்டு முறை பார்த்துவிட்டு பீரோவுக்குள் வைத்தோம். அதற்குப் பிறகு எத்தனை பேர் அதைப் போட்டுப் பார்த்தோம்?

‘ஸ்டுடியோவில் மாஸ்டர் காப்பி இருக்குமே’ என்று நினைக்க வேண்டாம். இருபது வருடத்துக்கு முந்தைய டேப்பின் மேல் அடுத்த முகூர்த்தத்தையே பதிவு செய்திருப்பார்கள். இடம் போதவில்லை என்று ஹார்ட் டிஸ்கைத் துடைத்திருப்பார்கள். கடையே இன்று செல்போன் கடையாக மாறியிருக்கலாம். உங்கள் பீரோவில் இருப்பதுதான் மாஸ்டர்.

அந்த மாஸ்டருக்கு ஆயுள் குறைவு. சினிமா டிவிடி தொழிற்சாலையில் அச்சில் அழுத்தித் தயாராவது. தகவல் பிளாஸ்டிக்கிலேயே பள்ளங்களாகப் பதிந்திருக்கும். ஸ்டுடியோவில் ‘ரைட்’ பண்ணிய டிஸ்கில் இருப்பதோ மெல்லிய சாயப் பூச்சு. லேசர் அதைச் சுட்டுத்தான் தகவலை எழுதுகிறது. வெயிலும் வெக்கையும் ஈரமும் பட்டால் அந்தச் சாயம் வெளிறும். விசிடியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் விழக்கூடாது என்று கவனமாக இருப்போம். ஆனால் தகவல் இருக்கும் அடுக்கு, பெயர் எழுதும் மேல்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலோ, ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ கதை முடிந்தது. டிவிடியில் அந்த அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் சற்றுப் பாதுகாப்பு அதிகம்.

தகவல் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி எழுதப்படுகிறது. பெரும்பாலும் முதலில் கெடுவது ஓரம். அதனால் மாப்பிள்ளை அழைப்பு ஒழுங்காக ஓடும். பந்தியும் வழியனுப்பும் வரும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். இன்று உயிரோடு இல்லாத பெரியவர்கள் பலர் நமக்குத் தெரிவது அந்தப் பந்திக் காட்சியில்தான்.

முதலில் அச்சு அசலாக ஒரு நகல்

இப்போது வரும் லேப்டாப் பலவற்றில் டிஸ்க் டிரைவ் கிடையாது. யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்று போதும். டிஸ்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவின் தடத்தோடேயே ஓடும். அதைச் சரிசெய்ய டிரைவ் திணறும்.

டிவிடியைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டர் தெரியும். உள்ளே ஒரு ஜிபிக்குள் துண்டு துண்டான ‘விஓபி’ கோப்புகள் இருக்கும். பலரும் இவற்றை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். மெனு, காட்சிப் பிரிவு, வரிசை எல்லாம் கூடவே இருக்கும் சிறு கோப்புகளில்தான் இருக்கின்றன. எனவே முழு டிஸ்கையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுப்பதே முறை. விண்டோஸில் ‘இம்ஜ்பர்ன்’ என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். எடுத்த கோப்பை ‘விஎல்சி’ பிளேயர், டிஸ்க் போட்டதுபோலவே மெனுவோடு ஓட்டும்.

விசிடிக்கு ஐஎஸ்ஓ சரிவராது. அதன் வீடியோப் பகுதி வேறு அமைப்பில், பிழைதிருத்தத் தகவலைக் குறைத்து எழுதப்பட்டது. 650 எம்பி டிஸ்கில் 74 நிமிடப் படத்தை அடக்கியது அப்படித்தான். சின்னக் கீறலுக்கே விசிடி தடுமாறுவதற்கும் அதுவே காரணம். இம்ஜ்பர்னே விசிடியை ‘பின்’, ‘கியூ’ என இரண்டு கோப்புகளாக எடுத்துத் தரும். இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.

ஹேண்டிகேமில் போட்ட எட்டு சென்டிமீட்டர் குட்டி டிவிடி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எடுத்த கேமராவிலேயே ‘ஃபைனலைஸ்’ செய்யாவிட்டால் கம்ப்யூட்டர் அதைக் காலி டிஸ்க் என்று காட்டக்கூடும். நம்பித் தூக்கி எறியாதீர்கள். கேமராவைத் தேடி எடுங்கள்.

சம்பந்தி வீட்டுக்கு ஒரு போன்

டிரைவ் ‘கர்ர்’ என்று இரைந்து, பாதியில் நின்றுவிட்டதா? வேகத்தைக் குறைத்து மீண்டும் படிக்கச் சொல்லுங்கள். வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று கைவிட்டதை இன்னொன்று படிப்பது சகஜம்.

அதற்கும் மசியாவிட்டால் லினக்ஸில் ஓடும் ‘ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ’ கைகொடுக்கும். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்து, அவற்றை மட்டும் திரும்பத் திரும்ப முயலும். இதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. கல்யாண டிவிடி ஒன்று மட்டும் போடுவதில்லை; பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று ஸ்டுடியோவில் பிரதி எடுத்திருப்பார்கள். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து எழுதப்பட்டவை என்றால், உங்கள் டிஸ்கில் படிக்க முடியாத இடங்களைச் சம்பந்தி வீட்டு டிஸ்கிலிருந்து இந்த மென்பொருள் நிரப்பிவிடும். இரண்டும் ஒரே இடத்தில் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. கனடாவுக்கோ லண்டனுக்கோ அனுப்பிவைத்த பிரதி இருந்தால் அதையும் கேளுங்கள். குளிர்ந்த ஊரில் டிஸ்க் நன்றாகவே இருக்கக்கூடும்.

பிறகுதான் செல்போனுக்கு

அசல் நகல் பத்திரமானதும், பார்ப்பதற்கு வசதியாக எம்பி4 ஆக்கலாம். ‘ஹேண்ட்பிரேக்’ இலவசம். டிவிடி தரத்துக்கு அதில் தர எண்ணை 18 முதல் 22-க்குள் வைத்தால் போதும். எண் குறையக் குறையத் தரம் கூடும். நம் ஊர் டிவிடி படம் 720-க்கு 576 புள்ளி. அதை 4கே ஆக இழுத்தால் கோப்பு வீங்குமே தவிர, கேமரா பார்க்காத விவரம் புதிதாக வந்துவிடாது. அட்சதை தூவும் கைகளின் விளிம்பில் சீப்புப் பல்போலக் கோடுகள் தெரிந்தால் ‘டீஇன்டர்லேஸ்’ வசதியைப் போடுங்கள். எம்பி4 வந்த தைரியத்தில் ஐஎஸ்ஓவை அழித்துவிடாதீர்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும், போனது திரும்பாது. வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்புவதைச் சேமிப்பு என்று சொல்லவே முடியாது.

யாருடைய வீடியோ?

இது திருட்டு விசிடி சமாச்சாரம் ஆகாதா என்று சிலர் தயங்குகிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17(பி) பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். இந்த டிஸ்குகளில் பூட்டும் இருக்காது. கடையில் வாங்கிய சினிமா டிவிடி வேறு விஷயம். அதன் பூட்டை உரிமை மீறும் நோக்கத்தோடு உடைப்பது, 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி குற்றம். உங்கள் வீடியோவிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டுடியோக்காரர் பின்னணியில் சேர்த்த சினிமாப் பாட்டு உங்களுடையது அல்ல. வீட்டில் பார்க்கலாம், யூடியூபில் ஏற்றினால் தடை வரலாம்.

மூன்று பிரதி, இரண்டு ஊர்

ஒரு டிவிடி 4.7 ஜிபிதான். ஒரு டிபி ஹார்ட் டிஸ்கில் இருநூறு டிவிடி அடங்கும். மொத்தக் குடும்பத்தின் விசேஷங்களுக்கும் தாராளம். ஆனால் ஹார்ட் டிஸ்கும் ஒருநாள் மண்டையைப் போடும். ஆக, மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனங்களில். அதில் ஒன்று வேறு ஊரில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நினைத்தால், அந்த ‘வேறு ஊர்’ ஏன் என்று விளங்கும். மகள் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை தொடக்கம், நடு, கடைசி என்று ஓட்டிப் பாருங்கள்.

இதைத் தள்ளிப்போட நேரமில்லை. பதிவு செய்யும் புளூரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. டிஸ்க் தொழிலே சுருங்குகிறது. டிரைவ் கிடைப்பதும் அரிதாகும். இன்னொன்று அதைவிட அவசரம். பந்தியில் மூன்றாவதாக உட்கார்ந்திருப்பவர் யார் என்று சொல்ல வீட்டில் ஒரு அத்தையோ பெரியப்பாவோ இன்னும் இருக்கிறார்கள். நகல் எடுத்த கையோடு அவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டி, பெயர்களைக் கேட்டு எழுதி, அந்தப் பட்டியலையும் அதே ஃபோல்டரில் சேருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பீரோவைத் திறந்துவிடுங்கள்.