வழியில் உடைபடும் பொட்டலம்

ஆண்டு விழாவில் நீங்கள் ஆடியதைப் படம் பிடித்து வெளியூர் அத்தைக்கு அனுப்புகிறீர்கள். படம் 3 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். அது முழுசாகக் கிளம்பிப் போவதில்லை. 2000-க்கும் அதிகமான சிறு பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகிறது. கணினிக்காரர்கள் ‘பாக்கெட்’ என்பார்களே, அதுதான். இந்த மட்டில் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்படிக் கட்டியனுப்பிய பொட்டலம் போகிற வழியில் இன்னொரு முறை உடைபடவும் கூடும். அந்தக் கதையைத்தான் இன்று பேசப்போகிறோம்.

ஏன் உடைய வேண்டும்? ஒரு தடவையில் இவ்வளவு பெரிய பொட்டலத்தைத்தான் ஏற்பேன் என்று ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் அளவு உண்டு. ‘எம்.டி.யூ.’ என்பது அதன் பெயர். பள்ளிக் கணினி அறையில் இருக்கும் ஈதர்நெட்டுக்கு அது 1500 பைட். (1500 பைட் எவ்வளவு? கணினி ‘அ’ என்ற எழுத்தைச் சேமிக்க இப்போது வழக்கத்தில் உள்ள முறையில் 3 பைட் பிடிக்கும். ஆக, 500 ‘அ’. ‘கி’ எழுதினால் க-வுக்கு 3, மேல்விலங்குக்கு 3 என்று 6 பைட் போய்விடும், 250 ‘கி’தான்.) ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு போகும் நெடுந்தூர இணைப்புகளில் இந்த அளவு பல விதம். எக்ஸ்.25 என்ற பழைய வகை இணைப்புகளில் 576 பைட் என்பது வழக்கம்.

எல்லாருமே ஒரே அளவை வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வலையையும் ஒவ்வொரு கூட்டத்தார், ஒவ்வொரு தேவைக்காகக் கட்டினார்கள். 1977 நவம்பர் 22 அன்று கலிஃபோர்னியாவில் ஒரு வேன் சாலையில் ஓடிக்கொண்டே வானொலி அலையில் பொட்டலங்களை அனுப்பியது. அவை அர்ப்பாநெட் என்ற கம்பி வலைக்குள் புகுந்து அமெரிக்காவைக் கடந்தன. அட்லாண்டிக் கடலுக்கு மேலே நின்ற செயற்கைக்கோள் வழியாக ஐரோப்பா போய்த் திரும்பின. கடைசியில் கலிஃபோர்னியாவிலேயே லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருந்த ஒரு கணினிக்கு வந்து சேர்ந்தன. வானொலி, கம்பி, செயற்கைக்கோள் என்று மூன்று வலைகள், மூன்றுக்கும் பொட்டல அளவு வேறு வேறு. இப்படியொரு நாள் வரும் என்று தெரிந்துதான் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974-இலேயே ஒரு கட்டுரையில் வழி சொல்லியிருந்தார்கள்: இரண்டு வலைகள் சேரும் இடத்தில் நிற்கும் கருவி, தேவைப்பட்டால் பொட்டலத்தை உடைக்கலாம், ஒட்டுவது கடைசியில் பெறுகிறவர் வேலை.

வைக்கோல் லாரி ஒன்று தாழ்வான ரயில் பாலத்தடியில் நுழைய முடியாமல் நின்றால் என்ன செய்வார்கள்? சுமையை மூன்று டெம்போவில் மாற்றுவார்கள். சுமை அதேதான். ஆனால் ஓட்டுநர் இப்போது மூன்று பேர் வேண்டும். இங்கேயும் அப்படியே.

1500 பைட் பொட்டலம் ஒன்று, 576-க்கு மேல் ஏற்காத இணைப்பின் வாசலுக்கு வந்துவிட்டது. அங்கே நிற்கும் கருவிதான் ரூட்டர். பொட்டலத்தின் முதல் 20 பைட் தலைப்பகுதி. யார் அனுப்பியது, யாருக்குப் போகிறது என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். மீதி 1480 பைட்தான் சரக்கு. உடைத்த ஒவ்வொரு துண்டுக்கும் தனித் தலைப்பகுதி வேண்டும். ஆகவே 576-இல் 20 போக, ஒரு துண்டில் 556 பைட் சரக்குக்கு இடம் இருக்கிறது. ஆனால் ரூட்டர் 556-ஐ நிரப்பாது, 552-ஓடு நிறுத்திக்கொள்ளும். மூன்று துண்டுகளில் 552, 552, 376 என்று சரக்கு போகும். கூட்டிப் பாருங்கள், 1480 வரும்.

நாலு பைட்டை ஏன் வீணாக விட்டது? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இது. ஒவ்வொரு துண்டும், ‘பழைய பொட்டலத்தில் நான் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்’ என்று ஓர் எண்ணைச் சுமந்து போக வேண்டும். ஒரு பொட்டலம் அதிகபட்சம் 65,535 பைட் இருக்கலாம். அதற்குள் எந்தப் பைட்டையும் சுட்டிக்காட்ட 16 பிட் தேவை (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்). தலைப்பகுதியில் இதற்கென்று ஒதுக்கியதும் 16 பிட்தான். ஆனால் அதில் 3 பிட் ‘கொடி’ என்ற ஆம்-இல்லை அடையாளங்களுக்குப் போய்விட்டது. மிஞ்சியது 13. பதின்மூன்று பிட்டில் 8191 வரைதான் எண்ண முடியும். அதனால் ஒவ்வொன்றாக எண்ணாமல் எட்டெட்டாக எண்ணுவது என்று வைத்துக்கொண்டார்கள். 8191 × 8 = 65,528. பிரச்சினை தீர்ந்தது! அதற்கு விலை, கடைசித் துண்டைத் தவிர மற்றவை எட்டின் மடங்காக இருந்தே ஆக வேண்டும் என்பது. 556 எட்டால் வகுபடாது, 552 வகுபடும். நம் மூன்று துண்டுகளும் 0, 69, 138 என்ற எண்களைச் சுமந்து போகும். 69-ஐ எட்டால் பெருக்கிப் பாருங்கள்.

அந்தக் கொடிகளில் ஒன்று, ‘எனக்குப் பின்னால் இன்னும் துண்டு வருகிறது’ என்று சொல்வது. கடைசித் துண்டில் மட்டும் அது இறங்கியிருக்கும். மூன்று துண்டுகளிலும் ஒரே அடையாள எண் இருக்கும். இவற்றை வைத்துப் பெறுகிற கணினி, எந்த வரிசையில் வந்தாலும் சரியாக அடுக்கிவிடும். 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்து வெளியிட்ட இணைய நெறிமுறை ஆவணத்தில் இந்த விதிகள் எல்லாம் இருக்கின்றன.

அடுத்த ரூட்டரிலேயே ஒட்டிவிடக் கூடாதா? முடியாது. மூன்று துண்டுகளும் மூன்று வழியில் போனாலும் போகும். அதனால் போய்ச் சேரும் இடத்தில்தான் ஒட்ட வேண்டும். அங்கேதான் வம்பும் வருகிறது. ஒரு துண்டு தொலைந்தால், வந்து சேர்ந்த மற்ற இரண்டும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் குப்பைக்குப் போகும். தொலைந்த துண்டை மட்டும் கேட்டு வாங்க இந்த விதிகளில் வழியில்லை. 1480 பைட்டும் மறுபடி கிளம்பி, அதே வாசலில் மறுபடி உடைய வேண்டும். கிறிஸ்டோபர் கென்ட், ஜெஃப்ரி மோகல் என்ற இருவர் 1987-இல், உடைப்பது தீங்கானது என்று தலைப்பிலேயே போட்டுக் கட்டுரை எழுதினார்கள்.

ஆனால் உடைப்பதே மருந்தாகும் இடமும் உண்டு. நொடிக்கு 64,000 பிட் போகும் மெதுவான நெடுந்தூர இணைப்பு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1500 பைட் என்றால் 12,000 பிட். அந்த ஒரு பொட்டலம் போய் முடிய 187.5 மில்லி நொடி ஆகும். அதே இணைப்பில் ஒருவர் தொலைபேசியிலும் பேசுகிறார்; அவர் குரல் 20 மில்லி நொடிக்கு ஒரு குட்டிப் பொட்டலமாக வருகிறது. பெரியது நகர்வதற்குள் பின்னால் ஒன்பது குட்டிகள் தேங்கிவிடும். பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். அதனால் இணைப்பின் இந்த முனையிலேயே பெரிய பொட்டலத்தை 80 பைட் துண்டுகளாக நறுக்குவார்கள். ஒரு துண்டு போக 10 மில்லி நொடிதான். இடையிடையே குரல் நுழைந்துகொள்ளும். இணைப்பின் மறுமுனையிலேயே ஒட்டியும் விடுவார்கள், கடைசிவரை இழுத்தடிப்பதில்லை. தொலைபேசி நிறுவனங்கள் வகுத்த ஏ.டி.எம். முறை (பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை, இது வேறு!) எல்லாவற்றையும் 53 பைட் துண்டாகவே அனுப்பியது. 48 சரக்கு, 5 தலைப்பகுதி. அதென்ன 48? அமெரிக்கர்கள் 64 கேட்டார்கள், ஐரோப்பியர்கள் 32 கேட்டார்கள். நடுவில் வெட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

சாதாரண இணையத்தில் உடைக்காமல் தப்பிக்கும் வழி 1990-இல் வந்தது. அனுப்பும் கணினி ‘உடைக்காதே’ என்ற கொடியை ஏற்றிவிடும். பொட்டலம் பெரிதாக இருந்தால் வழியில் உள்ள ரூட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, ‘இங்கே இத்தனை பைட்தான் போகும்’ என்று திருப்பிச் செய்தி அனுப்பும். அதைப் பார்த்து அனுப்புகிறவரே சிறிதாகக் கட்டிக்கொள்வார். நல்ல ஏற்பாடு. ஆனால் சில இடங்களில் பாதுகாப்பு என்ற பெயரில் அந்தத் திருப்பிவரும் செய்தியையும் ஃபயர்வால் என்ற காவல் அமைப்பு தடுத்துவிடும். அப்புறம் வேடிக்கைதான்: சின்னச் செய்தி எல்லாம் போகும், இணையதளத்தோடு தொடர்பு கிடைக்கும், ஆனால் பக்கம் மட்டும் வராமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சிறிய பொட்டலங்கள் தப்பிப் போகின்றன. பெரியவை சத்தமில்லாமல் மறைகின்றன. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆட்களே தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

இணைய நெறிமுறையின் புதிய பதிப்பான ஐ.பி.வி.6-இல் ரூட்டர் உடைக்கவே கூடாது. எந்த இணைப்பானாலும் குறைந்தது 1280 பைட் பொட்டலத்தைக் கடத்தியாக வேண்டும்.

இன்னொரு கணினிக்குச் சோதனைப் பொட்டலம் அனுப்பும் ‘பிங்’ கட்டளையைக் கணினி ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். ‘உடைக்காதே’ கொடியோடு, அளவையும் நாமே குறித்து அனுப்ப அதில் வழி உண்டு. ஈதர்நெட்டில் 1472 போகும். 1473 போகாது, உடைக்க வேண்டும் என்று திரையில் எழுத்து வரும். 1472-ஓடு பிங்கின் சொந்தத் தலைப்பகுதி 8, மேலே 20, ஆக 1500. சில வீட்டு பிராட்பேண்டு இணைப்புகளில் 1464-ஓடு நின்றுவிடும். அங்கே பி.பி.பி.ஓ.இ. என்ற இன்னொரு உறை பொட்டலத்தின் மேல் ஏறிக்கொண்டு 8 பைட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது.