ஊரக நில விலை

ஊரக நில விலை என்பது நகர எல்லைக்கு வெளியே உள்ள நிலம் சந்தையில் கைமாறும் விலையாகும். மண்வளம், நீர்வளம், விளைச்சல் ஆகியவை மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. அந்நிலம் பிற்காலத்தில் எதற்குப் பயன்படக்கூடும் என்ற எதிர்பார்ப்பே பல இடங்களில் விலையின் பெரும்பகுதியாக அமைகிறது.

விளைச்சல் மதிப்பு

வளமான நிலம் கூடுதல் வாரம் ஈட்டுவதை டேவிட் ரிக்கார்டோ 1817இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். எடுத்துக்காட்டாக, ஓர் ஏக்கரில் செலவு போக ஆண்டுக்கு 30,000 ரூபாய் கிடைப்பதாகவும், வட்டி வீதம் 6% எனவும் கொள்வோம். அந்நிலத்தின் விளைச்சல் மதிப்பு 5 லட்சம் ரூபாய் ஆகும். அது 50 லட்சத்துக்கு விற்குமாயின், எஞ்சிய 45 லட்சம் பிற காரணிகளால் வருவதாகும்.

பிற காரணிகள்

* அமைவிடம்: சந்தையிலிருந்து உள்ள தொலைவு நில வாரத்தை மாற்றுவதை வான் தியூனன் 1826இல் விளக்கினார். சாலை அமைந்தால் தொலைவின் சுமை குறைந்து விலை உயரும்.
* மாற்றுப் பயன்பாடு: வயல் மனையாகவோ தொழிற்சாலையாகவோ மாறக்கூடும் என்ற எதிர்பார்ப்பு.
* சட்டம்: மக்கள் அடர்த்தி மிகுந்த ஊரகக் கடலோரங்களில் கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்க 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கை வழி செய்தது. இத்தகைய மாற்றம் மண்ணை மாற்றாமலே விலையை மாற்றவல்லது.
* உரிமை ஆவணம்: பட்டா தெளிவாக உள்ள நிலம் வில்லங்கமுள்ள நிலத்தைவிடக் கூடுதல் விலை பெறும்.
* வரி: இந்திய வருமான வரிச் சட்டப்படி ஊரக வேளாண் நிலம் மூலதனச் சொத்தாகக் கருதப்படுவதில்லை. எனவே பயிரிடாதவர்களும் அதைச் சேமிப்பாக வாங்குகின்றனர்.

எடுத்துக்காட்டு: ஊரூர் ஒல்காட் குப்பம்

அடையாற்று முகத்துவாரத்தின் தென்புறம் அமைந்துள்ள இம்மீனவர் குடியிருப்பு, சிற்றூரை நகரம் சூழ்ந்துகொண்டதற்கு எடுத்துக்காட்டாகும். அருகிலுள்ள பெசன்ட் நகர் 1970களில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தால் உருவாக்கப்பட்டது. இன்று அது சென்னையில் மனை விலை மிக உயர்ந்த பகுதிகளுள் ஒன்றாகும். அவ்விலைக்கும் பயிர் விளைச்சலுக்கும் தொடர்பில்லை. சாலை, குடிநீர், கட்டட அனுமதி, கடலின் அண்மை ஆகியவற்றாலேயே அது உருவானது.

குப்பத்தின் கடற்கரை மணலோ படகு நிறுத்தவும், வலை உலர்த்தவும், மீன் விற்கவும் பொதுவில் பயன்படுகிறது. விற்கப்படாத பொது நிலத்துக்குச் சந்தை விலை இல்லை. ஆயினும் அதை இழந்தால் மீன்பிடித் தொழில் நடைபெறாது.

விளைவுகள்

விலை விளைச்சல் மதிப்பை மிஞ்சும்போது, பயிர் வருவாயைக் கொண்டு உழவர் புதிதாக நிலம் வாங்க இயலாமற் போகிறது. விலையேற்றத்தின் பயன் ஆவணம் வைத்திருப்பவரையே சேர்கிறது. குத்தகைதாரர், கூலித் தொழிலாளர், பொது நிலத்தை நம்பியிருப்போர் ஆகியோருக்கு அதில் பங்கில்லை. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலமில்லாவிடினும் மூன்று ஆண்டுகளாக நீர்நிலைகளை நம்பி வாழும் குடும்பங்களைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்பது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.