ஆங்கிலத்தில் பதவி இழந்த தளவாய்

நஞ்சன்கூட்டில் கபினி ஆற்றைக் கடக்கும் பழைய கல் பாலம் 1735-ல் கட்டப்பட்டது. பின்னாளில் அதன் மீது ரயிலும் ஓடியது. பாலம் எழுந்தபோது மைசூரில் அதிகாரம் தளவாய் தேவராஜய்யாவிடம் இருந்தது. அவர் வகித்த அந்தப் பதவியின் பெயர் ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் புழங்கியது. இன்று அந்த மொழியில் அதைச் சீந்துவாரில்லை.

தளம் என்றால் படை. அதை நடத்துபவர் தளவாய். தளபதிக்கும் இதே வேர்தான். ஆனால் தளவாய்கள் படையோடு நிற்கவில்லை. ராணி மங்கம்மாள் காலத்து மதுரையில் ராணியின் பெயரால் ஆள்பவரே தளவாய் என்று 1700-ல் ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் பிரெஞ்சில் எழுதினார். மைசூரிலும் அதே கதை. நஞ்சன்கூட்டை அடுத்த களலே ஊர்க் குடும்பம் அரசரைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டு ஆட்சியைத் தானே நடத்தியது.

இந்தச் சொல் ஆங்கிலக் கடிதங்களில் அடிபடக் காரணம் ஒரு திருச்சி விவகாரம். சந்தா சாகிப்பின் முற்றுகையில் சிக்கிய முகமது அலி, உதவிக்கு வந்தால் திருச்சியையே தருவதாக மைசூருக்கு வாக்களித்தார். தேவராஜய்யாவின் தம்பி நஞ்சராஜய்யா படையுடன் வந்தார். 1752-ல் சந்தா சாகிப் ஒழிந்தார். முகமது அலி கை விரித்தார். அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்ததே தனக்குத் தெரியாது என்று சென்னை கவர்னர் சாண்டர்ஸ் 1754-ல் பிரெஞ்சுத் தூதர்களுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் தளவாய் ஓரிடத்தில் ‘டல்லோவே’, இன்னோரிடத்தில் ‘டல்லவே’. இரண்டுமே ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயர்கள் போல ஒலிப்பவை. பின்னர் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் ‘டலவே’ என்று எழுதினார்.

மூன்றாண்டுகளுக்கு மேல் திருச்சியைச் சுற்றிக் காத்திருந்த நஞ்சராஜய்யா 1755-ல் வெறுங்கையோடு திரும்பினார். மைசூர் கஜானா காலி. சம்பளம் கிடைக்காத வீரர்கள் கொதித்தனர். அந்தக் குழப்பத்தில் உயர்ந்தவர் நஞ்சராஜய்யாவின் படையில் இருந்த ஹைதர் அலி. 1761-ல் ஆட்சி அவர் கைக்குப் போனது. 1799-க்குப் பின் மைசூர் நிர்வாகத்தின் தலைவர் திவான் பூர்ணய்யா. திருவிதாங்கூரிலும் வேலுத்தம்பி தளவாய் 1809-ல் உயிர்நீத்தபின் திவான்களின் காலம் வந்தது.

கடிதம் எழுதத் தளவாய் இல்லாதபோது ஆங்கிலேயருக்கு அந்தச் சொல் எதற்கு? 1886-ல் யூல், பர்னெல் தொகுத்து வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் அது பழைய மேற்கோள்களோடு இடம்பெற்றது. ஆங்கிலத்தில் அதற்கு மிஞ்சியது அந்த இடம்தான்.

பிறந்த மண்ணில் அப்படியில்லை. மைசூரில் தளவாய் ஏரி இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் தளவாய்புரம் இருக்கிறது. தென்பாண்டிக் கிராமங்களில் தளவாய் மாடனுக்குக் கொடை நடக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைக்கிறார்கள். அரசர்கள் தந்த பதவி போய்விட்டது. ஊர் தந்த பதவி நீடிக்கிறது.