பழைய சிடி பிளேயர் ஏன் இத்தனை கனம்?

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துக் கேரள-தமிழ்நாடு எல்லைக் கிராமங்களுக்கு வளைகுடாவிலிருந்து பெட்டியோடு வந்த உயர்ரக சிடி பிளேயரைத் தூக்கினால் கை கடுக்கும். ஏன்?

சிடியில் தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், தலைமுடிப் பருமனுக்குள் நாற்பது தடங்கள் அடங்கும். சற்றே அதிர்ந்தாலும் லேசர் தடம் தவறும். அதனால்தான் பிலிப்ஸ் தன் ஆரம்பகாலப் பிளேயர்களில் கனமான வார்ப்பு உலோகச் சட்டத்தின்மேல், வில்லாக அசையும் கையில் லென்ஸைப் பொருத்தியது.

கனம் இருக்கட்டும், ஒலி? 1982இல் எண்களை ஒலியாக்கும் நல்ல 16 பிட் சில்லு செய்வது பெரும்பாடு. பிலிப்ஸ் 14 பிட் சில்லையே வைத்து, நொடிக்கு 44,100 மாதிரிகளை நான்கு மடங்காக்கி, ஏறத்தாழ 16 பிட் தரத்தை எட்டியது. அக்காலப் பொறியியலின் உச்சம் என்பேன்.

மழைக்கால ஈரத்தில் லென்ஸ் மங்கினாலும் தட்டு ஓடாது. பிளேயரை ஆக்கர் (பழைய சாமான்) கடைக்குப் போடுமுன், பிளக்கைக் கழற்றி லென்ஸை மெல்லத் துடைத்துப் பாருங்கள்.