ஒரு கிலோ கூடினால் என்ன ஆகும்?

மட்டாஞ்சேரி படகுத் துறையில் நின்று பாருங்கள். எதிரே வில்லிங்டன் தீவு. அங்கே கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. விமானங்கள் நம் தலைக்கு மேலே பறக்கின்றன. விமானத்தை ஓட்டுபவரை விமானி என்கிறோம். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று முதலில் தாளில் முடிவு செய்தவர் யார்? அவர்தான் வடிவமைப்புப் பொறியாளர்.

இந்த வேலை நம் கேரளத்திலும் நடக்கிறது. திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவர் கிராமம் உண்டு. ராக்கெட் தளம் அமைக்க அந்த ஊர் மக்கள் தங்கள் வீடுகளை விட்டுக் கொடுத்தார்கள். மாதா கோயிலையும் கொடுத்தார்கள். கோயில் அலுவலகம் ஆயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது.

அங்கே வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் ராமேசுவரத்துக்காரர். படகு வைத்திருந்தவரின் மகன். பெயர் அப்துல் கலாம். பின்னாளில் அவர் குடியரசுத் தலைவர் ஆனார். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். தும்பாவில் அவர் செய்த வேலை என்ன என்பதுதான் பலருக்குத் தெரியாது.

எஸ்.எல்.வி.-3 என்ற ராக்கெட்டை உருவாக்கும் குழுவுக்கு அவர் தலைவர். அதன் உயரம் 22 மீட்டர். எடை 17 டன். இவ்வளவு பெரிய ராக்கெட் எவ்வளவு சுமக்கும், தெரியுமா? 40 கிலோ! நம் பஜாரில் ஒருவர் தோளில் சுமக்கும் மூட்டைகூட அதைவிடக் கனமாக இருக்கும்.

இங்கேதான் பொறியாளரின் தலைவலி தொடங்குகிறது. கிடங்கில் 100 கிலோ மூட்டையைத் தூக்கக் கயிறு வாங்குகிறோம். 500 கிலோ தாங்கும் கயிறாகப் பார்த்து வாங்குகிறோம். கயிறு தடிமனாக இருந்தால் நமக்கு நஷ்டம் இல்லை. ராக்கெட்டில் அப்படிச் செய்ய முடியாது. 100 கிலோ தாங்க வேண்டிய இடத்தை ஏறக்குறைய 125 கிலோ தாங்கும்படிதான் செய்வார்கள். விமானத்தில் 150 கிலோ. உச்சி அடுக்கில் ஒரு கிலோ கூடினால், சுமையில் ஒரு கிலோ குறைந்துவிடும். அதனால் எஸ்.எல்.வி.-3இன் மேல் இரண்டு அடுக்குகளை உருக்கால் செய்யவில்லை. இழையையும் பசையையும் சேர்த்துச் செய்தார்கள். நம் ஊர் ஃபைபர் படகு அதற்குத் தூரத்து உறவு.

இளம் பொறியாளர்கள் வரைபடம் வரைவார்கள். மூத்த பொறியாளர் அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார். இந்தத் திருகு தளர்ந்தால் என்ன ஆகும்? இங்கே தூசி புகுந்தால்? சூடு ஏறினால்? பதில் சரியாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவார். போட்ட பிறகு பொறுப்பு அவருடையது.

தூசி என்றதும் சிரிக்க வேண்டாம். 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 புறப்படத் தயாராக நின்றது. சில நிமிடங்களுக்கு முன் கணினி, 'நிறுத்து' என்றது. ராக்கெட்டைத் திருப்பும் அமைப்பில் கசிவு. கலாம் நிபுணர்களைக் கேட்டார். "கசிந்தது போக மிச்சம் போதும்" என்றார்கள். கலாம் கணினியின் பேச்சைத் தள்ளிவிட்டு ராக்கெட்டைப் பறக்கவிட்டார். இதை அவரே பிற்காலத்தில் சொன்னார்.

முதல் அடுக்கு நன்றாக எரிந்தது. இரண்டாம் அடுக்கில் ராக்கெட் தடுமாறியது. வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு ஐந்தே நிமிடத்தில் போயிற்று. காரணம் என்ன? ஒரு வால்வில் அழுக்கு அடைத்திருந்தது. வால்வு மூடவில்லை. திருப்புவதற்குத் தேவையான அமிலம் முழுவதும் ஒழுகிவிட்டது.

அன்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் தாமே பொறுப்பேற்றுப் பேசினார் என்று கலாம் சொல்வதுண்டு. கோளாறுகளைச் சரிசெய்து மறுபடி முயன்றார்கள். 1980 ஜூலை 18 அன்று, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோள் பூமியைச் சுற்றத் தொடங்கியது. இந்த முறை கலாமைப் பேசச் சொன்னார் தவான்.

தும்பாவின் மாதா கோயில் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். எர்ணாகுளத்திலிருந்து ரயிலில் திருவனந்தபுரம் போய்ப் பார்க்கலாம். பார்வை நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.