முன்னே சக்கரம், பின்னே ரப்பர் பட்டை

பனியில் புதைந்த காரில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸின் கார் கொட்டகையைக் கவனித்துவந்த பிரெஞ்சுக்காரர் அடால்ஃப் கெக்ரெஸ் இதற்கு வழி கண்டார். பின்சக்கரங்களை எடுத்துவிட்டு அங்கே நீண்ட பட்டையை ஓடவிட்டார். முன்சக்கரத்துக்குக் கீழே பனிச்சறுக்குக் கட்டை. பேரரசரின் பேக்கார்ட் காரே இப்படி மாறியது. புரட்சிக்குப் பின் லெனினின் ரோல்ஸ் ராய்ஸுக்கும் இதே பட்டைதான்! அந்த வண்டியை மாஸ்கோவுக்கு அருகே கோர்க்கி அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம்.

டாங்கியின் இரும்புச் சங்கிலிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. கெக்ரெஸின் பட்டை வளைந்து கொடுக்கும் ரப்பர். பட்டைக்குள் வரிசையாகச் சிறு உருளைகள். மேடு வந்தால் அங்குள்ள உருளை மட்டும் எழும்பும், பட்டையும் அதற்கேற்ப நெளியும். வண்டியின் எடை நீளவாக்கில் பரவுவதால் மணலிலும் பனியிலும் புதையாது. சத்தமும் குறைவு. ஸ்டியரிங், முன்சக்கரம், இன்ஜின் எல்லாம் பழைய காருடையவையே என்பதால் கார் ஓட்டத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. என்னைக் கேட்டால், கெக்ரெஸின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது.

புரட்சிக்குப் பின் நாடு திரும்பிய கெக்ரெஸைக் கார் தயாரிப்பாளர் ஆந்த்ரே சித்ரோயன் சேர்த்துக்கொண்டார். விளம்பரத்தில் சித்ரோயனை மிஞ்ச ஆளில்லை. 1922 டிசம்பர் 17-ல் அல்ஜீரியாவின் துகுர்ட்டிலிருந்து பட்டை பூட்டிய ஐந்து சித்ரோயன் கார்கள் கிளம்பின. சஹாராவைக் கடந்து 1923 ஜனவரி 7-ல் திம்புக்டுவை அடைந்தன. தலைமை ஜார்ஜ் மரி ஹார்ட். முதல் வண்டியின் பெயர் 'தங்க வண்டு'. 1931-ல் பெய்ரூட்டிலிருந்து பீஜிங் நோக்கிப் போன பயணத்தில் இரண்டு வண்டிகள் ஸ்ரீநகரிலிருந்து கில்கிட் வரை இமயத்தில் ஏறின. பாதை சரிந்த இடத்தில் வண்டியைப் பிரித்துக் கூலியாட்கள் சுமந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பிறகு ராணுவங்கள் விழித்துக்கொண்டன. அமெரிக்கா சித்ரோயன் வண்டியொன்றை வாங்கி ஆராய்ந்தது. முன்னே சக்கரமும் பின்னே பட்டையும் கொண்ட, இரண்டாம் உலகப்போரின் அமெரிக்க எம்3 ராணுவ வண்டிகள் அந்த வழியில் வந்தவை. போருக்குப் பின் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் மலிந்தன. தேயும் ரப்பர் பட்டையை மாற்றும் செலவை ஏற்கப் பலரும் தயாராக இல்லை.

கெக்ரெஸ் 1943-ல் இறந்தார். கடைசி ஆண்டுகளில் அவர் வடிவமைத்த இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸின் வழிவந்தவை, டிசிடி என்ற பெயரில் நம் ஊர்க் கார்களிலும் ஓடுகின்றன.