ஒலியின் அளவும் கம்பியின் அமைப்பும்



மறைந்த பாட்டனாரின் குரலோ, திருவிழாவொன்றில் வாசிக்கப்பட்ட நாதசுர இசையோ அடங்கிய பழைய ஒலிநாடாக்கள் பல இல்லங்களிற் பெட்டிகளுள்ளே கிடக்கின்றன. நாடா என்றும் நிலைத்திருப்பதன்று. ஆதலின் அவற்றைக் கணினியிற் படியெடுத்துவைக்க விரும்புவோர் பலர். ஆனாற் படியெடுத்தபின் கேட்டுப்பார்த்தால், சிலவேளை குரல் மெலிந்து இரைச்சல் மிகுந்திருக்கும். சிலவேளை குரல் சிதைந்து கரகரக்கும். இக்குறைகள் பெரும்பாலும் நாடாவின் குற்றமல்ல. இயல்பு வேறான இரு கருவிகளைப் பொருத்தம் பாராது இணைத்ததன் விளைவே. இணைக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: கம்பி எத்தனை? அழுத்தம் எவ்வளவு?

முதற்கண் கம்பியைக் காண்போம். வீட்டு நாடாக் கருவியின் ஆர்.சி.ஏ. செருகியில் நடுவே ஒரு கம்பியும், அதனைச் சூழ்ந்து ஓர் உலோகக் கவசமும் உள. கவசமே மின்னோட்டம் திரும்பும் வழியுமாதலால், அதிலே புகும் இரைச்சல் ஒலியோடு கலந்துவிடும். இது சமநிலையற்ற இணைப்பு. ஒலிப்பதிவுக்கூடத்துக் கருவிகளிலோ கவசத்தினுள்ளே இரண்டு கம்பிகள் செல்லும். ஒலிக்குரிய மின்னழுத்தம் அவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடாகும். புறத்தேயிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒப்பப் படிகின்றது. தராசின் இரு தட்டிலும் ஒரே நிறையை இட்டால் முள் அசையாதவாறுபோல, வேறுபாட்டை மட்டும் ஏற்கும் கருவியில் அவ்விரைச்சல் அற்றுப்போகும். இதுவே சமநிலை இணைப்பு. நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளிற் பயின்ற முறை இது. இரண்டு மூன்று மீற்றர்த் தூரத்துக்குச் சமநிலையற்ற இணைப்பும் பெரும்பாலும் போதும்.

இனி அழுத்தம். 1939 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியியலாளரும் வானொலிப் பொறியியலாளரும் 600 ஓம் தடையில் 1 மில்லிவாற்று என்பதை ஒலியளவுக்கு அடிப்படையாகக் கொண்டனர். அதற்குரிய அழுத்தம் 0.775 உவோற்று. இதனைச் சுழியமாகக்கொண்ட தெசிபெல் அளவே டிபியு எனப்படுவது. தொழிற்கருவிகளின் வழக்கமான அளவு சக 4 டிபியு, அதாவது 1.23 உவோற்று. வீட்டுக் கருவிகளின் அளவு சய 10 டிபிவி. இதன் சுழியம் 1 உவோற்று. ஆகவே சய 10 என்பது 0.316 உவோற்று. முன்னையது பின்னையதின் ஏறக்குறைய நான்கு மடங்கு.

சக நான்குக்கும் சய பத்துக்கும் இடைவெளி 14 தெசிபெல் எனச் சிலர் கணிப்பர். அது பிழை. ஒருவர் முற்றத்திலிருந்தும் மற்றவர் திண்ணையிலிருந்தும் அளந்த உயரங்களை நேரே கழித்தல் தகுமோ? சுழியங்கள் வேறாதலால் உண்மையான இடைவெளி 11.8 தெசிபெல்லே.

மூன்று முனைச் செருகியை மாட்டினால் ஒலி உயர்ந்துவிடும் என்பது மற்றொரு மயக்கம். கம்பியின் அமைப்பு வேறு. அழுத்தத்தின் அளவு வேறு. ஒன்றைச் சீர்செய்தலால் மற்றது சீராகாது.

நாடாக் கருவியைக் கணினியோடு இணையும் சமநிலை ஒலிப்பதிவுக் கருவிக்கு இணைக்கும் முறையைப் பார்ப்போம். இருகம்பி வடமொன்றை எடுத்து, ஆர்.சி.ஏ. செருகியின் நடுமுனையை எக்ஸ்.எல்.ஆர். செருகியின் 2 ஆம் ஊசிக்கும், வெளிவளையத்தை மற்றைக் கம்பியால் 3 ஆம் ஊசிக்கும் இணைக்க. கவசம் 1 ஆம் ஊசியையும் அவ்வெளிவளையத்தையும் சேரும். அளவுமாற்றும் ஆளி கருவியில் இருப்பின் அதனைச் சய 10 இல் வைக்க.

எதிர்த்திசையிற் செல்லும்போது, அதாவது தொழிற்கருவியின் ஒலியை வீட்டுக் கருவிக்குக் கொடுக்கும்போது, அழுத்தத்தை நாலிலொன்றாகக் குறைத்தல் வேண்டும். 10,000 ஓம் தடையியைத் தொடராகவும், 3,300 ஓம் தடையியை ஏற்குங் கருவியின் வாயிலுக்குக் குறுக்காகவும் இட்டால் ஏறக்குறைய 12 தெசிபெல் குறையும். ஆயின் 3 ஆம் ஊசியைக் கவசத்தோடு சேர்ப்பதா, வெறிதே விடுவதா என்பது வெளிவாயிலின் அமைப்பைப் பொறுத்தது. நிலைமாற்றி உள்ளதாயிற் சேர்த்தல் வேண்டும். வேறு சிலவற்றிற் சேர்த்தல் கேடாகும். கருவியோடு வந்த கைந்நூலைப் பார்த்தே செய்க.

இத்தனைக்கும் பின்னர் 50 சுற்று மின்னின் உறுமல் கேட்குமாயின், இரு கருவிகளின் புவித்தொடுப்புகளும் வளையமாக இணைந்தமை காரணமாகலாம். ஒலிக்குரிய பிரிப்பு நிலைமாற்றியை இடையே இட்டால் அது தீரும். மின்செருகியின் புவித்தொடுப்பை அகற்றுதல் மட்டும் ஒருபோதும் ஆகாது. அது உயிரைக் காக்கும் கம்பி.

இறுதியாக, நாடாவில் மிக உரத்த பகுதியை முதலில் ஓடவிட்டு, கணினியிற் காட்டும் அளவு சுழியத்துக்குச் சில தெசிபெல் கீழே நிற்குமாறு அமைத்துக்கொள்க. மெலிந்த ஒலியைப் பின்னர் உயர்த்தலாம். இரைச்சலும் உடன் உயரும். எல்லை கடந்து வெட்டுண்ட குரலையோ மீட்டல் அரிது. பாட்டனாரை மீண்டும் ஒருமுறை பேசச் சொல்ல நம்மால் இயலாது. ஆகவே இணைக்குமுன் அளந்தறிதல் நன்று.